ஹோர்ன் அடிக்காதீர்கள்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குப் பழைய டயர்த் தூளும் பிளாஸ்டிக் கழிவும் கலந்து புதுத் தார் போட்டிருக்கிறார்கள். அதனால் இப்போது வாகனம் வரும் சத்தமே கேட்பதில்லை.

எங்கள் ஆட்களோ நடுரோட்டில்தான் நடப்பார்கள். பின்னால் சத்தம் கேட்டால்தான் ஒதுங்குவார்கள்.

இன்று காலை பக்கத்து வீட்டு சிவா அண்ணை மீன் வாங்கிக்கொண்டு அப்படித்தான் வந்தார். கடைசி வீட்டு ரமேஷின் ஹைபிரிட் கார் பூனை மாதிரி வந்து அவர் முழங்கையில் இடித்தது. மீனெல்லாம் ரோட்டில்.

அண்ணை அவனைச் சட்டையில் பிடித்து வெளியே இழுத்து மூக்கிலேயே குத்தினார்.

"ஏன்டா ஹோர்ன் அடிக்கேல்ல?"

மூக்கால் இரத்தம் வழிய, ரமேஷ் மதிலில் இருந்த பலகையைப் பிடுங்கினான். 'தயவுசெய்து ஹோர்ன் அடிக்காதீர்கள்.'

"இதை ஆணியடிச்சது நீங்கதானே, அண்ணை!"

அதாலேயே அவர் மண்டையில் ஓங்கிப் போட்டான். பலகை பிளந்தது. ஆணி அண்ணையின் நெற்றியைக் கிழித்தது. அந்த நேரத்திலும் 'அண்ணை' என்பதை அவன் விடவில்லை.

நாங்கள் நாலைந்து பேர் பிடித்து இழுத்துத்தான் பிரித்தோம். ரோட்டில் மீன் இரத்தம் எது, ஆள் இரத்தம் எது என்று தெரியவில்லை. பின்னால் மறிபட்ட வாகனங்கள் எல்லாம் ஒன்றாக ஹோர்ன் அடித்தன.

ரோட்டுக்கு டயர் கலந்தாயிற்று. எங்கள் ஆட்களுக்கு எதைக் கலக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.