நாலு பேர் உப்பு போட்ட அவல்

பிள்ளைகளைக் குழுவாக வேலை செய்யவைப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள என்னை வில்லியனூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆசிரியர்களையே நான்கு நான்கு பேராகப் பிரித்து, சேர்ந்து ஒரு படம் வரையச் சொன்னார்கள். மார்க்கர் பேனா என் கைக்கு வந்தது. கடைசிவரை அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. மடுகரையிலிருந்து வந்திருந்த ஆசிரியை இரண்டு முறை கை நீட்டிப் பார்த்துவிட்டு, பைக்குள்ளிருந்து வேர்க்கடலையை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தார். படம் பிரமாதமாக வந்திருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தெம்போடு வந்து, பாகூர் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஏழாம் வகுப்பைக் கலைத்துப் போட்டேன். பனித்திட்டிலிருந்து பஸ்ஸில் வரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் செலியமேட்டிலிருந்து சைக்கிளில் வரும் விவசாய வீட்டுப் பிள்ளைகளும் எப்போதும் தனித்தனியாகத்தான் உட்காருவார்கள். இனி கலந்து உட்கார வேண்டும், கலந்து பேசி அடுப்பில்லாமல் ஒரு பண்டம் செய்ய வேண்டும் என்றேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி சிரித்தாள். “இன்னாங்க, வூட்ல ஒரு வெங்காயம் உரிச்சதில்ல. பசங்களுக்குச் சமையல் சொல்லிக் குடுக்கப் போறீங்களா?”

“சமையல் இல்ல, ஒத்துழைப்பு.”

“அத்தயும் வூட்ல பாத்ததில்லயே.”

மறுநாள் கரும்பலகையில் மூன்று விதிகள் எழுதினேன். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். யாரும் குழுவை விட்டு எழுந்து போகக் கூடாது. கருத்து ஒத்துவராவிட்டால் கத்தக் கூடாது, ‘நீ சொல்றது புரியுது, ஆனா’ என்று தொடங்க வேண்டும். இந்த வாக்கியத்தை மட்டும் வகுப்பு முழுவதையும் பலமுறை சொல்லவைத்துப் பழக்கினேன்.

ஒரு குழுவில் பனித்திட்டுப் பெண் ஒருத்தி. கடல் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். அவளுக்குக் கார அவல்தான் வேண்டும். எதிரே செலியமேட்டுப் பையன். வீட்டில் கரும்பு போடுகிறார்கள். அவனுக்கு வெல்லம் போட்ட அவல். மற்ற இரண்டு பேர் டென்னிஸ் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். “நீ சொல்றது புரியுது, ஆனா” என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்களே தவிர, பாத்திரத்தில் ஒன்றும் விழவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“இனிப்பே செய்ங்கப்பா. முடிஞ்சுது” என்றேன்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். “நீங்க சொல்றது புரியுது சார். ஆனா எங்க குரூப்புல நீங்க இல்லயே.”

என் தீர்ப்பால் வெல்லம் கிடைக்கவேண்டிய பையன்கூட அவளோடு சேர்ந்து தலையாட்டினான். “காரமே செஞ்சிக்கிறோம் சார்” என்றான். நான் போய், சுத்தமாக இருந்த மேசையை இன்னொரு முறை துடைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ருசி பார்க்கக் கூப்பிட்டார்கள். ஒரு வாய் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. பிள்ளைகளை ஊக்கம் இழக்கவிடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். “நல்லா வந்திருக்கு” என்று விழுங்கினேன். அடுத்து வாயில் போட்ட செலியமேட்டுப் பையன் நேராக ஜன்னலுக்கு ஓடித் துப்பினான்.

“இன்னாடா இது, உப்பளமா? எவன் உப்பு போட்டது?”

“நான்.” “நானுந்தான்.” நாலு பேரும் போட்டிருந்தார்கள், அவன் உட்பட. சண்டை வரப்போகிறது என்று பொறுப்புணர்ச்சி பற்றிய ஒரு சிறு சொற்பொழிவோடு நெருங்கினேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அந்தப் பெண் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் குழுவுக்கு நடந்தாள். அங்கே ஊறவைத்த அவல் நிறைய மீந்திருந்தது.

“குரூப்ப வுட்டுப் போகக் கூடாதுன்னு எழுதியிருக்கேன் இல்ல?” என்று கத்தினேன்.

“புரியுது சார். ஆனா உப்பு ஜாஸ்தியாயிடுச்சே!”

இரண்டு குழுவும் ஒன்றாகக் கலந்து, மாங்காய் சீவிப் போட்டு, ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். பஸ் பிள்ளை யார், சைக்கிள் பிள்ளை யார் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை, பசி. நான் தட்டை எடுத்து வருவதற்குள் பாத்திரம் காலி. மாட்டிக்கொண்டால் பக்கத்தில் போய்க் கேட்கலாம் என்பது என் மூன்று விதிகளிலும் இல்லை. போகக் கூடாது என்றுதான் ஒரு விதியே போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணின் அம்மா, காலி மீன் கூடையோடு என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னா சார் சொல்லிக் குடுத்தீங்க? பாத்திரம் வெளக்குடின்னா, ‘நீ சொல்றது புரியுதும்மா, ஆனா’ன்னு ஆரம்பிக்கிறா.”

“அது சமூகத் திறன்மா” என்றேன்.

“இருக்கட்டும் சார். வெளக்கிட்டு வந்து புரிஞ்சிக்கச் சொல்லுங்க.” பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் போகவேண்டிய பஸ்ஸும் அதுதான். அடுத்ததற்காக நின்றேன்.

இந்தப் பருவத்தில் மறுபடியும் குழு வேலை வைத்தேன், இந்த முறை அட்டையில் படம். தொடங்கும் முன்பே பிள்ளைகள் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். “சார், நீங்க வெளிய இருங்க. முடிச்சிட்டுக் கூப்புடுறோம்.” வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே ஒருவன் அட்டையைத் தலைகீழாக ஒட்டுவது தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “டேய், தம்பி” என்று ஆரம்பித்தேன்.

ஒரு பிள்ளை வந்து, “சாரி சார்” என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.