சபிதா டீச்சர் எடுக்காத கணக்கு

சபிதாவை அரசாங்கம் வேலைக்கு எடுத்தது கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க. வாரத்தில் மூன்று அரை நாள். மே மாதம் சம்பளம் கிடையாது. பகுதிநேர ஆசிரியர் என்று பெயர். ஆனால் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் காட்டை ஒட்டியிருந்த அந்தப் பள்ளிக்கு அவள் தினமும் போய்க்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க அங்கே ஆளில்லை. வருகிற ஆசிரியர்கள் ஒரு மழைக்காலத்தைப் பார்த்ததும் நாகர்கோவில் பக்கம் மாறுதல் வாங்கிவிடுவார்கள். கடைசியாகப் போனவரின் இடம் காலியாகவே கிடந்தது.

சபிதா கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்தவள். தலைமையாசிரியர் ஞானதாசன் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, “டீச்சரே, உத்தரவு ஒண்ணும் வாங்க முடியாது. நீங்க கணக்கு எடுக்கச் சம்மதிச்சா பிள்ளைகள் தப்பிச்சிரும்” என்றார். அவள் சம்மதித்தாள்.

“சம்பளம் தராத சோலிக்கு எதுக்கு இப்படி ஓடுதே?” என்று அவள் கணவன் பிரதீஷ் கேட்பான்.  ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் ஒரு கணக்கு புரிந்ததும் நிமிர்ந்து உட்கார்வதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

ஜூலையில் ஒரு சாயங்காலம் மரம் விழுந்து பஸ் பாதி வழியில் நின்றது. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பேச்சுக் கொடுத்தார். எதிர்க்கட்சிக்காரர் கிளீட்டஸ். கடியப்பட்டணத்துக்காரர், போன தேர்தலில் நின்று தோற்றவர். எஸ்டேட்டில் ஒரு சாவு வீட்டில் துட்டி கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். மரத்தை அறுத்து முடிக்கும்வரை சபிதா சொல்லிக்கொண்டே இருந்தாள். இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்ட மனிதரை அவள் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழியில் ஒரு கூட்டத்தில் அவர் பேசியதை பிரதீஷ்தான் போனில் காட்டினான்.

“இங்க சுத்துற காத்தாடியில எடுக்குற கரண்டு எங்கெல்லாமோ போவுது. நம்ம மலையில ஒரு பள்ளிக்கூடத்துல மழை பெய்தா கிளாஸ் இருட்டு. ரப்பர் போவுது, மீன் போவுது, மணல் போவுது. திரும்பி என்ன வருது? யாரும் வர விரும்பாத இடத்துக்கு வாற டீச்சருக்குக் கூடுதல் சம்பளம் குடுக்கணும். நாம குறைச்சுக் குடுக்கோம். கம்ப்யூட்டருக்கு வந்த பகுதிநேர டீச்சர் ஒருத்தி பத்தாங்கிளாசுக்குக் கணக்கு எடுக்காவ. தினமும் எடுக்காவ. அதுக்குச் சம்பளமே இல்ல.”

கைதட்டல் ஓயவில்லை.  தன் உழைப்பை ஒருவர் வெளியே சொல்லிக் கேட்பது சபிதாவுக்கு அதுதான் முதல் தடவை. பிறகு வீடியோவை முதலிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அவர் ஊரையோ பெயரையோ சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்த மலையில் அப்படி ஒருத்திதான் இருந்தாள்.

திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஞானதாசனுக்குப் போன் வந்தது. யார் உத்தரவில் அவள் கணக்கு எடுக்கிறாள்? அரசியல்வாதியிடம் பேச அனுமதி கொடுத்தது யார்? இரண்டு பேரும் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

ஞானதாசனுக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. “உள்ளதை எழுதுங்க டீச்சரே. நான் பாத்துக்கிடுதேன்” என்றார். சொல்லும்போது மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அப்படி எழுதினால் அவருடைய பென்ஷன் நின்றுவிடும் என்பதை இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

தான் கம்ப்யூட்டர் பாடம் மட்டுமே நடத்துவதாகவும், யாரிடமும் எதுவும் பேசவில்லை என்றும் சபிதா எழுதிக் கொடுத்தாள். ஞானதாசன் படித்துவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அந்தக் காகிதம் எப்படி வெளியே போனது என்று தெரியாது. ஆளுங்கட்சிக் கூட்டத்தில் அதை வாசித்தார்கள். “அந்த டீச்சரே இல்லன்னு எழுதியாச்சு. பின்ன கிளீட்டஸ் எந்த டீச்சரைக் கண்டாரு?” என்று பேச்சாளர் கேட்டபோது கூட்டம் சிரித்தது. கடைத்தெருவில் அவருக்குப் புளுகு கிளீட்டஸ் என்று பேராகிவிட்டது. பஸ்ஸில் சபிதாவே சொன்னது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளீட்டஸ் சபிதாவின் வீடு தேடி வந்தார். சபிதா எதிரே உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னால உங்களுக்குப் பேரு கெட்டுப்போச்சு சார்.”

“உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசியிருக்கணும். எனக்குப் பறிபோறதுக்கு ஒரு சோலி இல்ல. உங்களுக்கு உண்டு. அதை நான் யோசிக்கல.”

“நீங்க சொன்னதுல பொய் இல்லையே.”

“இல்ல. அதனால என்ன பிரயோசனம்?”

பிரதீஷ் சாயா டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டான்: “உங்க கட்சி வந்தா இவங்களை நிரந்தரம் ஆக்குவியளா?”

கிளீட்டஸ் சாயாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “முன்னால எங்க ஆட்சி இருக்கும்போதும் ஆக்கல தம்பி. நான் போய்க் கேட்டேன். பைசா இல்லன்னு சொன்னாவ. இனி வந்தாலும் கேப்பேன். செய்வாவன்னு உங்ககிட்ட சத்தியம் பண்ண மாட்டேன்.”

அவர் போன பிறகு பிரதீஷ், “நல்ல மனுசன். இவரு எங்க ஜெயிக்க?” என்றான்.

எழுதிக் கொடுத்ததை உண்மையாக்க வேண்டியிருந்தது. அதிகாரிகள் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள் என்று பேச்சிருந்ததால், ஞானதாசன் கால அட்டவணையைத் திருத்தினார். பத்தாம் வகுப்பின் கணக்குப் பாடவேளையில் ‘சுயபடிப்பு’ என்று போட்டார். சபிதா வாரத்தில் மூன்று அரை நாள் மட்டும் வந்தாள். கம்ப்யூட்டர் அறைக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். முதலில் அந்தப் பக்கம் கூச்சல் கேட்கும். பிறகு யாராவது ஆசிரியர் வந்து அதட்டுவார். அதன்பின் பாடவேளை முடியும்வரை சத்தமே இருக்காது.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம், அஜிஷா என்ற மாணவி புத்தகத்தை விரித்தபடியே கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், இந்த ஒரு கணக்கு மட்டும். எங்க யாருக்கும் வரல.”

சபிதா கை நீட்டிவிட்டாள். அப்போது முற்றத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. யாரென்று அவள் பார்க்கவில்லை. நீட்டிய கையை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

“பெறவு பாக்கலாம் மக்கா. நீ கிளாசுக்குப் போ.”

 அஜிஷா புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். ஜீப்பில் வந்தவர்கள் தண்ணீர்த் தொட்டியைப் பழுதுபார்க்க வந்திருந்தார்கள்.