அண்ணன் விட்டுப்போன பாம்பு

லோவீசா முப்பத்தோரு ஆண்டுகள் கனடாவின் வின்னிபெக் ஏரிக்கரையில் மீன் பிடித்து வெட்டிப் பிழைத்தவள். உறைந்த ஏரியின் நடுவில் பனி விரிசல்விடும் சத்தம் கேட்டாலும் பதறாமல் நடந்து கரையேறுவாள். பாம்பு என்றால் மட்டும் உடம்பு வெடவெடத்துவிடும். ஆறு வயதில் உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குள் இறங்கியபோது, குளிருக்கு ஒதுங்கியிருந்த கார்ட்டர் என்னும் கோடுபோட்ட சிறு பாம்புகள் நூற்றுக்கணக்கில் அவள் காலைச் சுற்றி நெளிந்தன. அவை ஆளைக் கொல்லாதவை என்று அவள் பிறந்த நார்சிஸ் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

பல ஆண்டுகள் கழிந்து ஒரு ஜூலையில் அவள் அண்ணன் ஸ்டெய்னி, நெடுஞ்சாலையில் வால் நசுங்கிக் கிடந்த அப்படி ஒரு பாம்பை எடுத்துவந்து கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தார். புண் ஆறியதும் விட்டுவிடுவதாக எண்ணம். அதற்குள் அவருக்கே நெஞ்சுவலி வந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "நாலு நாளைக்கு ஒரு தடவை மண்புழு போடு. தண்ணி மாத்து. அது ஒண்ணும் பண்ணாது," என்றார்.

"உன் நெஞ்சப் பாருண்ணா. பாம்பப் பத்திப் பேசுற நேரமா இது?"

ஆனாலும் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மீன் முள் பிடுங்கும் இடுக்கியில் புழுவைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போட்டாள். இரண்டு முறை தின்றது. மூன்றாம் முறை தொடவில்லை. அதன் கண்கள் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன. மருத்துவமனைக்குப் போன் போட்டாள்.

"அது சாகப்போகுதாண்ணா?"

"தோல் உரிக்கப்போகுது. அதுவரைக்கும் திங்காது, விடு." குரல் நைந்திருந்தது. "எனக்கு நாளைக்கு நெஞ்ச அறுக்கறாங்க."

"பயமா இருக்கா?"

"இருக்கு லோவா."

அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதேயில்லை.

மறுநாள் காலை தொட்டியில் உரித்த சட்டை மட்டும் கிடந்தது. மூடி ஒரு ஓரம் விலகியிருந்தது. வாசலுக்கு ஓடியவள் அங்கேயே நின்றாள். அது எங்காவது இடுக்கில் காய்ந்து செத்தால், கண் விழிக்கும் அண்ணனிடம் என்ன சொல்வது? விழிப்பாரா என்பதே தெரியவில்லை. சமையலறைத் தரையில் முட்டிபோட்டு ஒவ்வொரு சந்தாகப் பார்த்தாள். பற்கள் கிட்டிக்கொண்டன. குளிர்பெட்டியின் அடியில், மோட்டார் சூட்டில் சுருண்டிருந்தது. இடுக்கியால் பிடித்தால் காயம்படும். வெறுங்கையை நீட்டினாள். அது மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நாற்றமடிக்கும் நீரைப் பீய்ச்சியது. அழுதுகொண்டே தொட்டியில் விட்டு, மூடிமேல் இரும்புச் சட்டியை ஏற்றினாள்.

அப்போது போன் அடித்தது. ஆறேழு முறை அடிக்கும்வரை அவளால் எடுக்க முடியவில்லை.

"உங்க அண்ணன் நல்லா இருக்கார்மா," என்றாள் தாதி. "பாம்பு சாப்பிட்டுச்சான்னு கேக்கச் சொன்னார்."

ஆகஸ்டு கடைசியில், எடுத்த இடத்துக்கே அதைக் கொண்டுபோனார்கள். ஸ்டெய்னியால் குனிய முடியவில்லை. லோவீசாதான் விட்டாள். கோடு கோடாகப் புல்லுக்குள் நுழைந்து அது மறைந்ததும் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.