அக்கா சேர்த்த வரி

சிவப்பு நூல் கட்டிய அந்தப் பென்டிரைவ் இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தாராவியில் அக்ரிலிக் பரிசுக் கேடயம் வெட்டும் பட்டறை ஒன்றில் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மாடியில் என் கம்ப்யூட்டர், கீழே, எழுதிக் கொடுத்தபடி தானாக வெட்டும் சிஎன்சி மெஷின். பென்டிரைவை வாங்கிக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கி மெஷினில் ஏற்றி ஓட்டுபவர் ஆபரேட்டர் அக்கா; ஆண்டாப் ஹில்லிலிருந்து வருவார், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு துண்டு வெட்டி முடிந்ததும் கத்தியைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிறுத்த மாட்டோம். அது சுழன்றுகொண்டிருக்கும்போதே துண்டை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். நின்று மறுபடி வேகம் பிடிக்கும் நேரமெல்லாம் வீண் என்பார் முதலாளி. "பயமா இருக்கு தம்பி, முடிஞ்சதும் நிக்கிற மாரி எழுதேன்" என்று அக்கா ஒருமுறை கேட்டார். நான்தான் பெரிய மேதாவி ஆயிற்றே, சிரித்துவிட்டு மாடியேறிப் போனேன்.

ஒரு திங்கட்கிழமையிலிருந்து ஸ்பிண்டில் ஒவ்வொரு புரோகிராமின் முடிவிலும் தானாக நின்றது. வயரை மாற்றினோம், சுவிட்சை மாற்றினோம். மெக்கானிக் வந்து பார்த்துக் கையை விரித்தார். என் ஃபைலில் ஒரு குறையும் இல்லை என்று நான் சத்தியம் செய்தேன். கேடயங்கள் போயாக வேண்டிய நாள் நெருங்க நெருங்க, முதலாளியின் சந்தேகம் என் பக்கம் திரும்பியது. வேலை போய்விடும் போலிருந்தது. கடைசியில் கீழே இறங்கி, மெஷினில் இருந்த நகலைத் திறந்து பார்த்தேன். முடிவில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது: எம்05. ஸ்பிண்டிலை நிறுத்தச் சொல்லும் கட்டளை. எல்லா ஃபைலிலும் அது இருந்தது; மெஷினில் ஏற்றிய பிறகு யாரோ அதன் திரையிலேயே தட்டிச் சேர்த்திருக்கிறார்கள்.

"எவம்ல இதுல கை வச்சது? தெரிஞ்சா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்!" என்று முதலாளி கத்தினார். துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் என் தலை தப்பியதே எனக்குப் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து அந்த வரியை அழித்தேன். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்து டீ வாங்கித் தந்தார்.

மறுநாள் மதியம் அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

இப்போது நான் இருக்கும் கோபர்கைரனே கம்பெனியில், கதவை மூடாமல் ஸ்பிண்டில் சுழலாது. அந்த வரி இருக்கிறதா என்று ஒவ்வொரு புரோகிராமையும் இரண்டு முறை பார்க்கிறேன். அதனால் என்ன? அன்று ஆஸ்பத்திரிக்கு நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்த வரிய நாந்தான் போட்டேன் தம்பி. மொதலாளிட்ட சொல்லிராத, வேலய விட்டு எடுத்துருவாவ."