மேடைக்காக அக்கா சுமந்த பழி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் எங்கள் அக்காவிடம் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள். அது தெரிந்தேதான், அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இன்று நம் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் ஒவ்வொன்றுக்கும் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முழுவதும் படித்துவிடுங்கள்.

அக்கா பிறந்தது இலங்கையில், அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில். கைக்குழந்தையாகக் கப்பலேறி, தாயகம் திரும்பியவர்களுக்கான மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தார். நான் இங்கே பிறந்தவன். அம்மா கொழுந்து பறிக்கப் போன நாட்களில் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அக்காதான். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பிக்கட்டிக்கு அப்பால் உள்ள எங்கள் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்தார், ஊருக்கு அவர் ‘சத்துணவு டீச்சர்’. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் நாடகம் என்றால் மடமடவென்று பேசுவதைப் பார்த்தார், அதையே பிடித்துக்கொண்டார்.

நாடகத்துக்கென்று பள்ளியில் பணம் ஏது? விடுமுறை நாட்களில் குன்னூர் கடைகளிலும் பெர்ன்ஹில் பங்களாக்களிலும் ஏறி இறங்கி நன்கொடை கேட்டார். “நாடகத்துக்கா? புள்ளைங்களுக்கு நோட்டு வாங்கிக் குடுங்க, போங்க” என்று திருப்பி அனுப்பியவர்களே அதிகம். அக்கா ரோஷக்காரர். வெளியே வந்து அழுவார். மறுவாரம் அதே படி ஏறுவார்.

நான் ஊட்டியில் சுற்றுலா வண்டி ஓட்டுபவன். பள்ளிக்கு ஒரு மேடை வேண்டும் என்று அக்கா தவித்துக்கொண்டிருந்த நேரம், என் வண்டியில் வந்த வெளியூர்க்காரர்கள் பிள்ளைகளின் நாடகத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

“ராஜா கதைக்கெல்லாம் மனசு எறங்க மாட்டாங்க அக்கா. நம்ம கஷ்டத்தப் போடு. காட்டுமாடு குத்தி அப்பன் செத்துச்சே, அந்தப் புள்ளயவே நடிக்க வையி” என்றேன்.

“பாவம்டா தம்பி, வேணாம்.”

“அழுதாத்தான் குடுப்பாங்க.”

இரண்டு நாள் விடாமல் நச்சரித்தேன். அக்கா ஒத்துக்கொண்டார். அந்தப் பிள்ளையிடம் கேட்டார், தாயிடம் கேட்கவில்லை. அது அக்காவின் தவறுதான், மறைக்கவில்லை.

நாடகம் முடிந்த பிறகும் அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. வந்தவர்களும் அழுதார்கள், மேடைக்குப் பணம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோ கைமாறிக் கைமாறித் தாயிடமே வந்து சேர்ந்தது.

“எம்புருசன் செத்தத வித்தா மேட கட்டுறீங்க, டீச்சர்?” என்று பள்ளி வாசலில் நின்று அந்தத் தாய் கத்தினார்.

“தப்புதாங்க” என்று அக்கா கைகூப்பினார். என் பெயரைச் சொல்லவில்லை. பத்தடி தள்ளி என் வண்டியருகே நின்ற நானும் வாய் திறக்கவில்லை. அந்த மாதமே தாய் மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பிழைக்கப் போனார். பிள்ளையின் படிப்பு நின்றது. மேடை எழுந்தது. அதில் ஏற நீங்கள் யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை.

கோவை ஆஸ்பத்திரியில் அக்கா பேச்சுக் குறைந்து படுத்திருந்தபோது, “ஊர்ல உண்மையச் சொல்லிர்றேன் அக்கா” என்றேன்.

“எனக்கு இனி என்னடா இருக்கு? உம்புள்ளைங்க அந்த லயத்துல வளரணும். வாய மூடிக்கிட்டு இரு” என்றார்.

அக்கா சொல்லை இன்றுதான் மீறுகிறேன்.

ஒத்திகைக்கு வர்க்கி கொடுத்துக் காசு வாங்க மறுத்த பேக்கரி பாய்க்கும், கடைசி நாட்களில் அக்காவுக்குத் தலைவாரிவிட்ட செவிலியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அடைமழையில் அக்காவைத் தூக்க நான்கு பேர்தான் வந்தீர்கள். உங்கள் கால்களில் விழுகிறேன்.

நாளை ஒரு மலரோடு திருப்பூருக்குப் போகிறேன். அந்தத் தாய் அதை வாசலிலேயே கிழித்துப் போடலாம். போடட்டும். “உங்கள் பிள்ளையை அழவைக்கச் சொன்னவன் நான்தான்” என்று அவரிடம் சொல்லிவிட்டு அங்கேயே நிற்பேன். இத்தனை நாளாக அக்காவைத் திட்டியது போதும். இனி என்னைத் திட்டட்டும்.