வேட்டித் துணியில் வெந்த கேக்

கலிபோர்னியாவின் டப்ளினில், என் மகள் வீட்டுச் சமையலறையில் ஒரு துணி காய்கிறது. என் கணவரின் எட்டு முழ வேட்டியிலிருந்து கிழித்தது. பழுப்பேறிப்போய் இனி எந்தச் சோப்புக்கும் மசியாது. அதைப் பார்த்தாலே முன்பு நாங்கள் குடியிருந்த பிளானோவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஸ்காட்லாந்து ஆன்ட்டி நினைவுக்கு வந்துவிடுகிறார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மகளுக்குப் பாலும் முட்டையும் ஆகாது. டேகேரில் யாரோ ஊட்டிய ஒரு வாய் கேக்கில் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, எமர்ஜென்சிக்கு ஓடியிருக்கிறோம். அதன்பிறகு மற்றக் குழந்தைகளின் பிறந்தநாளில் டப்பாவில் கொண்டுபோன வாழைப்பழத்தைத் தின்றபடி அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாவது பிறந்தநாளுக்காவது அவள் வெட்டும் கேக்கை அவளே சாப்பிட வேண்டும் என்று ஆன்ட்டியிடம் புலம்பினேன்.

அவர் ஊரில் கேக் மாவைத் துணியில் மூட்டை கட்டிக் கொதிநீரில் வேகவைப்பார்களாம். பெயர் க்ளூட்டி டம்ப்ளிங். இட்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று நினைத்துக்கொண்டேன். தன் அம்மாவின் பக்குவத்தில் யாரையும் கைவைக்க விடாத மனுஷி, எங்கள் அடுப்படிக்கே வந்து, மாட்டுக்கொழுப்புக்குப் பதிலாக ஃப்ரிட்ஜில் உறைந்த தேங்காய் எண்ணெயைத் துருவினார். பாலுக்குத் தேங்காய்ப்பால், முட்டைக்கு மசித்த வாழைப்பழம். அம்மா காலத்திலிருந்து டம்ப்ளிங் கட்டிவந்த துணியை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். "இது காலமெல்லாம் பாலும் முட்டையும் குடித்த துணி. புதுசு கொடு" என்றார். புது வேட்டி கிழிபட்டது.

கட்டுவதற்குக் கயிறு எடுக்க அவர் வீட்டுக்குப் போன நேரத்தில், என் கணவர் கலவையின்மேல் ஒரு கரண்டி நெய்யை விட்டுவிட்டார். நெய் மணக்காத பலகாரம் அவருக்குப் பலகாரமே இல்லை. ஆன்ட்டியின் மூக்கோ பொல்லாதது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உருக்கின நெய்தானே, அதுல பால் எங்க இருக்கு? டேஸ்ட்டுக்குக் கொஞ்சம் ஆட் பண்ணேன்" என்று என்னிடம் சமாளித்தார் கணவர். ஆன்ட்டி துணியோடு எல்லாவற்றையும் குப்பையில் போட்டார்.

"நாமளாவது சாப்பிட்டிருக்கலாம்" என்று கணவர் முனகியதை ஆன்ட்டிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"பிறந்தநாள் அவனுடையதா?" என்று கேட்டுவிட்டு ஆன்ட்டி பாத்திரம் தேய்க்கத் தொடங்கினார். வேட்டியில் இன்னொரு துண்டு போயிற்று.

சாயங்காலம் மகள் கத்தியோடு என்னைப் பார்த்தாள். "அம்மா, கேன் ஐ ஈட் இட்? ரியலி?"

தலையாட்டினேன். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு துண்டு கேட்டாள்.

அடுத்து ஆன்ட்டியின் பிறந்தநாள் வந்தது. அன்று அவர் அம்மாவின் துணியில், பாலும் முட்டையுமாகத்தான் செய்வார் என்று வாழைப்பழ டப்பாவோடு போனேன். அவர் சமையலறையில் எங்கள் வேட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"உங்கள் அம்மாவின் துணி?"

"குழந்தை சாப்பிட முடியாததை நான் எதற்கு வெட்டணும்?"

டப்பாவைத் திறக்கவே இல்லை. பிறகு ஆன்ட்டி ஸ்காட்லாந்துக்கே திரும்பும்போது அந்தத் துணியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனபின் ஏங்கியதுபோல் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக்கூட நான் ஏங்கியதில்லை.

இன்று பேரனுக்குப் பிறந்தநாள். கணவர் அடுப்புப் பக்கம் நகர்ந்தாலே, "அப்பா, ஸ்டே தேர்!" என்கிறாள் மகள். பேரனுக்குப் பால், முட்டை எல்லாம் ஒத்துக்கொள்ளும். கடையில் கேக் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"நோ பாட்டி, அம்மா கான்ட் ஈட் தட்" என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணியை எடுத்துத் தன் அம்மாவிடம் நீட்டினான்.