பதினாறு மூடிகள்

முப்பது வருடமாகச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறேன். எந்த நிறத்தையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடலாம், கடும் நீலத்தோடு மட்டும் அந்தப் பேச்சு இல்லை. ஈரத்தில் அதற்கு ஒரு முகம், காய்ந்தபின் வேறு முகம். டியூப் லைற்றுக்குக் கீழே நல்ல பிள்ளையாக இருக்கும், வெயிலில் கொண்டுபோய் வைத்தால் குணத்தைக் காட்டிவிடும். சிவப்பு ஒரு சொட்டுக் கூடினால் கத்தரிக்காய், பச்சை கூடினால் மயில் கழுத்து. அந்த நீலத்தை அடக்கத் தெரிந்த ஒரே ஆளை நான் பார்த்திருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் நவரத்தினம் முதலாளியின் பெயின்ற் கடையில் நிறம் கலந்த நேசமலர். அவளுக்கு நடந்ததை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு மனம் ஆறாது.

நேசமலருக்கு ஊர் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று. இருபது வயதில் வெள்ளவத்தையில் இருக்கும் முதலாளியின் வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வந்தாள். பிறகு கடை கூட்ட ஆள் இல்லையென்று கடைக்கு அனுப்பினார்கள். ஒருநாள் ஒரு கிழவர் உடைந்த பூச்சாடித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டுமென்று நின்றார். கலக்கிறவன் மூன்று தரம் கலந்தும் சரிவரவில்லை. விளக்குமாற்றோடு நின்றவள், "கறுப்பு கொஞ்சம் கொறைங்க, மஞ்ச ரெண்டு சொட்டு விடுங்க" என்றாள். சரியாக வந்தது. அதோடு விளக்குமாறு வேறு ஒருத்தியின் கைக்குப் போயிற்று. பின்னால் கடைக்கு நிறம் கலக்கும் இயந்திரமும் வந்தது. அது கேட்ட நிறத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து சரியான நிறத்துக்குக் கொண்டுவருவது நேசமலரின் வேலை.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. கலந்து முடித்ததும் சுட்டுவிரலை அந்தப் பெயின்றில் தொட்டு வாளி மூடியின் மேல் ஒரு பொட்டு வைப்பாள். அது காய்ந்து, வெயிலில் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் வாளி கடையை விட்டு வெளியே போகும். கிட்டப் பார்த்தால் விரல் ரேகைகூடத் தெரியும். ஈரப் பெயின்றைப் பார்த்து நிறம் சொல்ல எவனாலும் முடியாது என்பதால் எங்களுக்கு அந்தப் பொட்டுத்தான் சாட்சி. கொட்டாஞ்சேனையில் இருந்து வத்தளை வரைக்கும் எங்கள் ஆட்கள் மூடியைப் பார்ப்பார்கள், பொட்டு இருந்தால் ரோலரை எடுப்பார்கள். நானும் அப்படித்தான்.

முதலாளிக்கும் அவளுக்கும் இடையில் இருந்ததையும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் ஒருநாள் விடியற்காலைச் சுற்றிவளைப்பில் அவளைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம், கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்ற கேள்வி. அவளுக்கு அன்று சிங்களமும் சரியாக வராது, அழுகைதான் வந்தது. மத்தியானம் நவரத்தினம் முதலாளி வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே பொலிஸ் நிலையத்துக்கு ஓடி வந்தார். வாங்குகளில் உட்கார்ந்திருந்த முப்பது நாற்பது பேருக்கு முன்னால் விரலை நீட்டி, "இவவை எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒரு மனுசன், தானே பயந்து திரிந்த காலத்தில், பொலிசுக்குள் வந்து அப்படிச் சொல்வது சின்ன விசயம் இல்லை. அதை நான் மறுக்கமாட்டேன்.

நேசமலர் அதைச் சாமி கதை போலச் சொல்லுவாள். நானே பத்துத் தரமாவது கேட்டிருப்பேன். வேறு கடைக்காரர்கள் கூடுதல் சம்பளம் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம், "மொதலாளி அன்னைக்கு வரலன்னா நான் இன்னைக்கு எங்கங்க?" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். கல்யாணமும் செய்யவில்லை. கடை, அறை, ஞாயிற்றுக்கிழமை கோயில், இவ்வளவுதான் அவளுடைய கொழும்பு.

போன வருடம் மருந்துக்கடை நிறுவனம் ஒன்று பதினொரு கிளைகளுக்கும் ஒரே கடும் நீலம் அடிக்க வேண்டுமென்று வந்தது. மருந்துப் பையில், பில்லில், வான் வண்டியில், எல்லாவற்றிலும் அவர்களுக்கு அதே நீலம். சுவர் மட்டும் கிளைக்கு ஒரு மாதிரி இருந்ததாம். நிறுவனத்தில் இருந்து ஹபீலா என்ற பிள்ளை ஒரு நீல அட்டையோடு வந்தார். எந்தக் கம்பனியின் நிற அட்டையிலும் அந்த நீலம் இல்லை. நேசமலர் ஒன்பது நாள் எடுத்தாள். பலகைத் துண்டுகளில் பூசி, காயவைத்து, காலை பத்து மணி வெயிலிலும் பின்னேரம் நாலு மணி வெயிலிலும் நடைபாதையில் குந்தியிருந்து பார்த்தாள். போகிறவர்கள் அவள் ஏதோ விற்கிறாள் என்று நினைத்து விலை கேட்டார்கள்.

பத்தாம் நாள் ஹபீலா வந்து பலகையையும் அட்டையையும் வெயிலில் சேர்த்துப் பிடித்தார். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. "மாஷா அல்லாஹ்!" என்று அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சொன்னதை நானே கேட்டேன். நேசமலர் அட்டையை இரண்டாக வெட்டினாள். இரண்டு பாதிக்கும் பின்னால் ஹபீலா கையெழுத்து வைத்தார். ஒரு பாதி அவரிடம், மறுபாதி நேசமலரின் கைப்பைக்குள். பம்பலப்பிட்டிக் கிளையை நாங்கள் முதலில் அடித்து முடித்தோம். வெயில் பட்டால் கடல் மாதிரி நின்றது சுவர்.

அடுத்தது வெள்ளவத்தை, காலி வீதியில் மூன்று மாடிக் கட்டிடம், பதினாறு வாளி வேண்டும். அந்த வாரத்தில்தான் நேசமலரின் அண்ணன் மகளுக்கு ஹட்டனில் கல்யாணம். அவள் லீவு கேட்கப் போனபோது முதலாளி முகம் சுளிக்கவில்லை.

"போட்டு வாரும் பிள்ளை. உம்மட கலவைக் கணக்கு எழுதிக் கிடக்குத்தானே, அதைப் பார்த்துப் பெடியள் கலப்பாங்கள். நீரே ஒரு சின்ன ரின்னில கொஞ்சம் கலந்து, பதினாறு மூடிக்கும் பொட்டை மட்டும் வைச்சிட்டுப் போம். பெயின்ற் பாஸ்மார் பொட்டில்லாமல் தொடமாட்டாங்கள்."

வாளியில் பெயின்ற் இல்லாமல் மூடிக்குப் பொட்டு வைப்பதா? அதுவரை அவள் அப்படிச் செய்ததே இல்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் முடியாது என்று மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொல்லியிருப்பாள். கேட்டது முதலாளி. பதினாறு மூடியையும் மேசையில் பரப்பி, பதினாறு பொட்டும் வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை பூட்டு. நல்ல மழை இருட்டு, முன்பக்கத்துக்குப் பெரிய படங்கு கட்டி அதற்குள்ளே அடித்தோம். நான் வழக்கம்போல மூடிகளைப் பார்த்தேன், பதினாறிலும் பொட்டு இருந்தது. திங்கள் காலை பத்து மணிக்கு மழை விட்டு, படங்கை அவிழ்த்தோம். வெயில் சுவரில் விழுந்தது. முன்னால் நின்ற முச்சக்கர வண்டிக்காரன் தலையை வெளியே நீட்டி, "அய்யே, மேக்க வம்பட்டு கடேத?" என்றான் சிங்களத்தில். கத்தரிக்காய்க் கடையா என்று கேட்கிறான். அவன் கேட்டதில் பிழை இல்லை. மூன்று மாடியும் கத்தரிக்காய்.

ஹபீலா ஓடி வந்து தன்னுடைய பாதி அட்டையைச் சுவரில் வைத்துப் பார்த்தார், அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டம். கல்யாண மருதாணி அழியாத கையோடு நேசமலரும் வந்து நின்றாள். என்ன நடந்தது என்றே அவளுக்கு அப்போதுதான் சொன்னார்கள். அவள் வாயைத் திறக்கும் முன்னமே முதலாளி முந்திக்கொண்டார்.

"மிஸ், பிழை எங்கட பக்கம்தான். ஆனால் வேணுமெண்டு செய்ததில்லை. இவவுக்கு இப்ப கண் முந்தின மாதிரி இல்லை. வயசும் நாப்பத்தைஞ்சு ஆகுது. பாவம், சொல்லப் பயந்து மறைச்சுப்போட்டா."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அவளுடைய கண்ணைப் பார்த்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்தாள். நிறம் கலக்கிறவளுக்குக் கண் பிழை என்று ஊரில் ஒரு பேச்சு எழும்பினால் அதற்குப் பிறகு எந்தக் கடையும் வாசலில்கூட நிற்க விடாது. ஹபீலா, நிறுவனத்துக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றார், கலந்தவரே கையெழுத்து வைத்து வெள்ளிக்கிழமைக்குள் தந்தால் மிச்சக் கிளைகளை இந்தக் கடைக்கே விடலாமாம். முதலாளி உடனே தலையாட்டினார்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் எது தெரியுமா? அவள் நம்பினாள். தன்னுடைய கண்தான் பிழை, எழுதிவைத்த கணக்கும் அதனால்தான் பிழைத்திருக்கும் என்று நம்பினாள். புதன்கிழமை வேலைக்குப் போகாமல் கண் டாக்டரிடம் போனாள். கிட்டத்து எழுத்துக்கு ஒரு கண்ணாடி போடலாம், மற்றப்படி கண்ணில் ஒரு குறையும் இல்லை, நிறமெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று அவர் எழுதிக் கொடுத்தார். அப்போதும் அவள் முதலாளியைச் சந்தேகிக்கவில்லை, டாக்டரைச் சந்தேகித்தாள்.

அன்று பின்னேரம் நான் வெள்ளவத்தையில் சாரக்கட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மூடிகள் நிலத்தில் வெயில் பட்டுக் கிடந்தன. பொட்டுகள் நீலம். பக்கத்தில் சுவர் கத்தரிக்காய். முட்டாள் மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன். முப்பது வருட அனுபவம், மூன்று நாள் அந்த மூடிகளை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்! ஒரு மூடியையும், அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்த ஒரு வாளியையும் தூக்கிக்கொண்டு நேரே கொட்டாஞ்சேனைக்கு அவளுடைய அறைக்குப் போனேன்.

வாசலில் இன்னும் வெயில் இருந்தது. மூடியை வாங்கிப் பொட்டைப் பார்த்தாள். கைப்பையில் இருந்து பாதி அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று. வாளியின் ஓரத்தில் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டி வைத்தாள். அது வேறு.

"கிருபாண்ணே, இது என் வெரலு. உள்ள இருக்கிறது நான் கலந்தது இல்ல."

"தெரியுது தங்கச்சி."

"பெடியங்க கணக்கு மாத்திக் கலந்திருப்பாங்களோ?" என்றாள். பிறகு வாளியை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தாள், அடியில் கட்டியாகக் கிடந்ததை விரலால் நசுக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "இது பழைய சரக்குண்ணே. கோடவுன்ல நாலு வருசமா விக்காம கெடந்த ரெடிமேட் நேவி புளூ. சாவி மொதலாளிகிட்ட மட்டும்தான் இருக்கு." அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் அவள் தனியாகப் போய் அவரிடம் கேட்டாள். அவர் மறுக்கவும் இல்லை. அதை அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"டியூப் லைற்றுக்குக் கீழ பார்த்தனான் பிள்ளை, ரெண்டும் ஒண்டாத்தான் இருந்தது. வெயிலுக்கு இப்பிடிக் காட்டுமெண்டு நான் கண்டனானே? இப்ப அதைக் கிளறி என்ன பிரயோசனம்? கடிதத்தில கையெழுத்தை வையும். வேலை உமக்கு எப்பவும் இருக்கும்."

"என் கண்ணைப் பத்தி ஏங்க அப்படிச் சொன்னீங்க, மொதலாளி?"

அதற்குத்தான் அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். "அண்டைக்குப் பொலிசுக்கு நான் வராட்டி நீர் இண்டைக்கு எங்க நிண்டிருப்பீர்? அதை யோசிச்சுப் பாரும்."

பதினேழு வருடமாக அவளே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்த வசனம். அவர் வாயால் அன்றுதான் முதல்முறை கேட்டாள். தான் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை அவரும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், இந்த நாளுக்காக.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹபீலா வந்தார். முதலாளி தட்டச்சு செய்த கடிதத்தை மேசையில் வைத்து, பேனையின் மூடியையும் தானே கழற்றி வைத்தார். நேசமலர் பேனையைத் தொடவில்லை. நான் கொடுத்த வாளியை மேசையில் தூக்கி வைத்து, அதற்குள் சுட்டுவிரலை விட்டாள். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். கடிதத்தையும் வாளியையும் வாளி மூடியையும் எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம், முதலாளியைத் தவிர.

வெயிலில் மூன்றையும் வரிசையாக வைத்தாள். பாதி அட்டை, மூடி, கடிதம். பொட்டுக் காய ஐந்து நிமிடம் பிடித்தது. காயக் காயக் கடிதத்தில் இருந்த பொட்டுக் கத்தரிக்காய் ஆனது. ஹபீலாவும் கெட்டிக்காரி. மூடியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், கடைக்குள்ளே திரும்பிப் பார்த்தார்.

"இது அவரா செஞ்சது? நீங்க எத்தன வருசமா அவரோட இருக்கீங்க? உங்களுக்கு அவரத் தெரியும்தானே?"

முதலாளி அப்போது வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். நேசமலர் அவரை நேரே பார்த்தாள்.

"இல்லீங்க மிஸ். இவர எனக்குத் தெரியாது."

அவர் முகம் செத்துப்போயிற்று. அன்று பொலிசில் அவர் விரல் நீட்டிச் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும், வராமல் எங்கே போகும்? நேசமலர் உள்ளே போய்ச் சாப்பாட்டுப் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நடைபாதையில் நின்று விரலைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். கறை போகவில்லை.

இப்போது வத்தளையில் ஒரு கடையில் கலக்கிறாள். மருந்துக்கடையின் மிச்ச ஒன்பது கிளைகளின் வேலையும் அங்கே போயிற்று, வெள்ளவத்தைச் சுவரையும் நான்தான் திரும்ப அடித்தேன், அவள் கலந்த நீலத்தில். மூடிக்குப் பொட்டு வைக்கும் வழக்கத்தை அவள் விடவில்லை. ஆனால் முதல் நாளே என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள், "அண்ணே, இனிமே பொட்டைப் பாத்து எடுக்காதீங்க. தொறந்து, ஒரு பலகையில பூசி, வெயில்ல காயவச்சுப் பாருங்க. நான் அனுப்பினாலும் பாருங்க."

இப்போது நேசமலரின் வாளியையும் நான் திறந்து பார்த்துத்தான் எடுக்கிறேன்.